சாலைக்கு அடியில் ஒரு கடா

மாமனாரும் மருமகனும் சேர்ந்து குடிக்கப் போவது எங்கள் பரம்பரையில் கிடையாது. என் மாமனார் இருந்தவரை அவர் எதிரில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. அவர் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே என் கையிலிருக்கும் சிகரெட் கிணற்றடிக்குப் போய்விடும். அப்படி வளர்ந்தவனிடம், சிகாகோவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேட்ச் ஒன்று இருபதுக்குத்தான் மாமா. அதற்கு முன்னால் உங்களை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். அத்தையிடம் மட்டும் சொல்ல வேண்டாம்."

அத்தை என்பது என் மனைவி. அன்று வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று தலைக்குக் குளித்துவிட்டு, ஊதுவத்திப் புகைக்கு அடுக்ககத்தின் எச்சரிக்கை மணி அலறிவிடும் என்பதால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அங்கிருந்தபடியே சாமிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேஸ்பால் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். ஆட்டம் என்றால் பொட்டலம் வேண்டும் என்பதும் தெரியும். என் அப்பாவோடு பொங்கல் டெஸ்ட் பார்க்கச் சேப்பாக்கம் போன நாட்களில் என் அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்ததை நான் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். ஆகவே அலுமினியத் தாளில் இரண்டு பொட்டலம் தயாராக இருந்தது.

"என்ன இடம் மாப்பிள்ளை?" என்றேன் லிஃப்டில்.

"ஒரு டேவர்ன் மாமா. சாப்பாட்டுக்கடை மாதிரிதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முப்பத்தொரு வருடம் சென்னையில் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்தவன் நான். புதிய சொல் காதில் விழுந்தால் அதற்கு என்ன போடலாம் என்று மூளை தானாகத் தேட ஆரம்பித்துவிடும். ரயிலில் உட்கார்ந்தபடி டேவர்னுக்குத் தமிழ் தேடினேன். மதுக்கடை என்றால் டாஸ்மாக் கம்பி வலையும் அதற்குள் நுழையும் ஐம்பது கைகளும்தான் கண்ணில் நிற்கின்றன. விடுதி என்றால் அறை வாடகை கேட்கத் தோன்றும். சலூன் என்று போட்டால் வாசகர் முடி வெட்டிக்கொள்ள வந்துவிடுவார். கொஞ்சமாவது கிட்டே வருவது கள்ளுக்கடைதான். மரத்தடியில் உட்கார்ந்து, சுண்டலோ மீனோ கடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசி, பொழுது சாய எழுந்து போகிற இடம். ஆனால் கள்ளுக்கடைக்குள் யாரும் மாமனாரைக் கூட்டிப் போனதாக நான் படித்ததில்லை.

ஆற்றங்கரையோரமாக நடந்து மிச்சிகன் அவென்யூ பாலத்துக்கு வந்தோம். சிகாகோவைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் கல்யாணக் கேக் மாதிரி வெள்ளை வெளேரென்று ரிக்லி கட்டடம், சூயிங்கம் விற்ற காசில் 1920களில் எழும்பியது. எதிர்ப்பக்கம் கோதிக் கோபுரம் வைத்த டிரிப்யூன் டவர், 1925-இல் முடிந்தது. அதன் சுவரில் உலகமெங்குமிருந்து கொண்டுவந்த கல்துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். தாஜ்மகால் துண்டும் ஒன்று உண்டு. எந்த நிருபர் எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்காமல் இருப்பதே நல்லது. அந்தப் பத்திரிகையும் இப்போது அங்கே இல்லை. 2018-இல் காலி செய்துவிட்டார்கள், கட்டடம் குடியிருப்பாகிவிட்டது.

இவற்றையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற என்னை மாப்பிள்ளை தோளைத் தொட்டு, "மேலே இல்லை மாமா, கீழே" என்றார்.

மிச்சிகன் அவென்யூ இரண்டு அடுக்குச் சாலை. 1920-இல் பாலம் திறந்தபோதே அப்படித்தான் கட்டினார்கள். மேலே சீமான்களும் கடை கண்ணிகளும், கீழே சரக்கு வண்டிகளும் குப்பையும். நடைபாதையோரத்தில் ஒரு படிக்கட்டு இறங்குகிறது. இறங்க இறங்க வெயில் அணைந்து, கான்கிரீட் தூண்களும் மஞ்சள் விளக்கும் லாரி எண்ணெய் வாடையுமாக நகரம் வேறொன்றாகிவிடுகிறது. பட்டப்பகல் பதினொரு மணி என்பதைக் கைக்கடிகாரம் சொல்லித்தான் நம்ப வேண்டும். அந்த இருட்டில், கடாவின் தலையோடு ஒரு பெயர்ப்பலகை: பில்லி கோட் டேவர்ன். பில்லி கோட் என்றால் ஆட்டுக்கடா. எப்போது வேண்டுமானாலும் முட்டிக்கொண்டு உள்ளே வரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. கடாவுக்குப் பொருத்தமான அழைப்பு.

கதவைத் தள்ளியதும் வெங்காயம் வதங்கும் வாடை. எனக்கு உடனே மனசு இறங்கிவிட்டது. வெங்காயம் வதக்குகிற இடம் எதுவும் அந்நியமில்லை.

நான் எதிர்பார்த்த இருட்டு மூலை, சுவரைப் பார்த்துக் குடிக்கும் மனிதர்கள், எதுவும் இல்லை. நெடுக ஒரு மதுமேடை. அதற்கு எதிரில் பொரியும் இரும்புக்கல். நடுவில் கால் ஆடும் மேசைகள். தொப்பி முதல் காலுறை வரை நீலம் அணிந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, காலைப் பலகாரம்போல பர்கர் தின்றுகொண்டிருந்தது. குழந்தைகளைப் பார்த்ததும் மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில், "சொன்னேனல்லவா?" என்பது இருந்தது.

கல்லுக்குப் பின்னால் நின்றவர் எங்களைக் கண்டதும் கூவினார்: "சீஸ்போர்கர்! சீஸ்போர்கர்! டபுள்சீஸ்!" நாங்கள் வாயே திறக்கவில்லை. அது கேள்வியா ஆணையா என்று எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை விளக்கினார். இந்தக் கடையை நடத்தும் கிரேக்கர்களின் உச்சரிப்பு அது. 1978-இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜான் பெலூஷி அப்படியே செய்துகாட்டி, நாடு முழுக்கப் பரவிவிட்டது. இங்கே உருளை வறுவல் கிடையாது, சிப்ஸ்தான். பெப்ஸி கிடையாது, கோக்தான். தொலைக்காட்சியில் மட்டும் அதைத் திருப்பிப் போட்டு, கோக் கிடையாது பெப்ஸிதான் என்று வைத்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு எதிரிலிருந்த ஓட்டலிலும் நான் வாயைத் திறப்பதற்குள் "சாருக்கு ஒரு நெய் ரோஸ்ட்!" என்று உள்ளே குரல் போய்விடும். எனக்கு நெய் ரோஸ்ட் பிடிக்காது. முப்பத்தொரு வருடம் தின்றேன்.

இப்போது சங்கடமான கட்டம். சீஸ்பர்கர் என்றால் மாட்டிறைச்சி. அதுவும் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார். "மாமா, உங்களுக்கு முட்டை போட்ட சாண்ட்விச் கிடைக்குமா என்று கேட்கிறேன். நான் மட்டும்..."

"டபுள்சீஸ் என்றுதானே அவர் சொன்னார்?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

பத்திரிகையில் இரவுப் பணி முடிவது அதிகாலை இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் திருவல்லிக்கேணிச் சந்துகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்த கடைகளில் என்ன கிடைக்கும் என்று தேடிப் போகிறவன் ஆசாரம் பார்க்க முடியாது. புரோட்டாவும் மாட்டுச் சுக்காவும் என் இருபதுகளைக் காப்பாற்றியவை. இதை நான் வீட்டில் சொன்னதில்லை. அந்த மதுமேடையில் முதல் தடவையாக, என் மகளின் கணவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "பீர்?" என்றார். "ஒன்று" என்றேன். நாற்பது வருட மரியாதை அந்த இரண்டு சொற்களில் முடிந்தது.

பர்கரைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. இறைச்சி அடை மெல்லியது, நம் ஊர் ஊத்தப்பத்தைவிடக் கொஞ்சம் தடிமன். காகிதத்தில் வைத்துக் கையில் தருகிறார்கள். ஓரத்தில் ஒரு மேசையில் வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் கடுகுச்சாந்தும் கிண்ணங்களில் இருக்கின்றன, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஒற்றை அடை வாங்கினால் ரொட்டிதான் அதிகம் தெரியும். டபுள் என்று அவர் கூவுவது வியாபாரத்துக்காக மட்டுமல்ல, நியாயமும் இருக்கிறது. ஊர் பெருமையாகச் சொல்லும் அளவுக்குச் சுவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சூடு, உப்பு, வெங்காயம் மூன்றும் சரியாக இருந்தன. ஆட்டத்துக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? மைதானத்துக்குள் இதே பீருக்கும் ரொட்டிக்கும் கொடுக்க வேண்டிய விலையை மாப்பிள்ளை சொன்னபோது, ஆட்டத்துக்கு முன் இப்படி வந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும் வழக்கம் ஏன் வந்தது என்று புரிந்தது.

நான் எழுந்து சுவர்களைப் பார்க்கப் போனேன். அதன்பிறகு மாப்பிள்ளைக்கு என்னை உட்காரவைப்பது பெரும்பாடாகிவிட்டது.

சுவர் முழுக்கப் பத்திரிகை. மஞ்சளேறிய செய்தி நறுக்குகள், எழுதியவர்களின் பெயர்கள் பெரிதாக்கி ஒட்டப்பட்டு, வரிசை வரிசையாக. கோவில் சுவரில் உபயதாரர் பெயர் இருப்பதுபோல நிருபர் பெயர்கள். மேலே சாலைக்கு ஒரு பக்கம் டிரிப்யூன். ஆற்றங்கரையில், இப்போது டிரம்ப் கோபுரம் நிற்கும் இடத்தில், சன்-டைம்ஸும் டெய்லி நியூஸும் இருந்த கட்டடம். நடுவில், ஒரு படிக்கட்டு இறங்கினால் இந்தக் கடை. வேலை முடிந்த நிருபரும், வேலை முடியாத நிருபரும், அச்சுக்கூடத்துக்காரரும் வந்து உட்கார்ந்த இடம் இது. எங்களுக்கு ஒரு டீக்கடை பெஞ்சு இருந்தது. மறுநாள் தலைப்பு பாதி அங்கேதான் முடிவாகும். அந்த பெஞ்சு இருந்த இடத்தில் இப்போது மெட்ரோ ரயில் நிலைய வாசல்.

கடையை ஆரம்பித்தவர் வில்லியம் சியானிஸ், கிரீஸிலிருந்து பிழைக்க வந்தவர். மதுவிலக்கு நீங்கிய மறு வருடம், 1934-இல், ஊரின் மேற்கே சிகாகோ ஸ்டேடியத்துக்கு எதிரிலிருந்த ஒரு கடையை 205 டாலருக்கு வாங்கினார். கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. முதல் வார இறுதி வசூலில் அந்தக் கடனை அடைத்தார் என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். பிறகு ஒருநாள் லாரியிலிருந்து விழுந்த ஆடு ஒன்று கடைக்குள் நடந்து வந்தது. அதை வளர்த்தார். தானும் ஆட்டுத்தாடி வைத்துக்கொண்டார். கடைக்கும் அவருக்கும் பில்லி கோட் என்றே பெயர் நின்றது. (ஆட்டுத்தாடி என்று படித்தவுடன் அண்ணாவும் கவர்னரும் நினைவுக்கு வருவது தமிழனுக்கு உள்ள வியாதி. மன்னிக்கவும்.) 1944-இல் குடியரசுக் கட்சி மாநாடு எதிர் ஸ்டேடியத்தில் நடந்தபோது, குடியரசுக் கட்சியினருக்கு அனுமதியில்லை என்று வாசலில் பலகை மாட்டினார். கோபித்துக்கொண்டு அத்தனை பேரும் உள்ளே வந்து எங்களுக்கும் ஊற்று என்றார்கள். விளம்பரம் என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1964-இல்தான் கடை இந்தச் சாலைக்கு அடியில் வந்தது.

இனி கடாவின் சாபம். அதைச் சொல்லாமல் அந்தக் கடையில் யாரும் யாரையும் வெளியே விடுவதில்லை. பக்கத்து மேசையிலிருந்த பெரியவர், எண்பது வயதிருக்கும், நான் சுவரை வாசிப்பதைப் பார்த்துவிட்டு, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்துவிட்டார்.

1945 அக்டோபர் 6. அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், ரிக்லி மைதானம், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிராக. ஊர் அணியான சிகாகோ கப்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலை. சியானிஸ் இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தார், ஒன்று தனக்கு, இன்னொன்று மர்ஃபி என்ற தன் கடாவுக்கு. கடாவை உள்ளே விடவே இல்லை என்பது ஒரு கதை. உள்ளே விட்டு, பாதி ஆட்டத்தில் எழுப்பி அனுப்பினார்கள் என்பது இன்னொன்று. ஏன் என்று கேட்டதற்கு, அணியின் உரிமையாளர் பி. கே. ரிக்லி, கடா நாறுகிறது என்று சொல்லி அனுப்பினாராம். சியானிஸ் கையை உயர்த்தி, இனி கப்ஸ் ஜெயிக்காது என்றாராம். அன்று தோற்றார்கள். தொடரையும் நாலுக்கு மூன்று என்று இழந்தார்கள். இப்போது யார் நாறுகிறார்கள் என்று சியானிஸ் தந்தி அடித்தாராம்.

அதன்பிறகு எழுபத்தொரு வருடம் கப்ஸ் உலகத் தொடருக்குள்ளேயே போகவில்லை. 1969-இல் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. 1984-இல் இரண்டு ஆட்டம் வென்று, அடுத்த மூன்றையும் தோற்றார்கள். 2003-இல் இன்னும் ஐந்தே பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும் என்ற நிலையில் எல்லாம் சரிந்தது. 2015-இல் அவர்களை வரிசையாகத் தோற்கடித்த நியூயார்க் அணியின் நாயகன் பெயர் மர்ஃபி. பெரியவர் இந்தப் பெயரைச் சொல்லும்போது கண்ணாடிக் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தார். கடைசியில் 2016 நவம்பரில், கிளீவ்லாந்தில், பத்தாவது இன்னிங்ஸ் வரை இழுத்து, 8-7 என்று வென்றார்கள். அதற்கு முன் கோப்பை வென்றது 1908-இல். அந்த 2016 இறுதிக்கு அவர்கள் தகுதி பெற்றது அக்டோபர் 22. சியானிஸ் இறந்ததும் 1970-இல் அதே அக்டோபர் 22.

நம் மரபில் சாபம் கொடுத்தவரே விமோசனத்தையும் சொல்லிவிடுவார். கல்லாகக் கிட, இன்னார் கால் பட்டால் எழுந்திரு என்பதுபோல. சியானிஸ் அந்த நாகரிகம் தெரியாதவர் போலும். அதனால் அவர் உறவினர் சாம் சியானிஸ் பின்னாளில் வேறு கடாக்களை மைதானத்துக்கு ஓட்டிப் போக வேண்டியிருந்தது. 1973-இல் சொகுசுக் காரில் கொண்டுபோன கடாவை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். 1984-இல் விட்டார்கள். விட்டும் பலனில்லை.

பெரியவர் இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரே இடத்தில் குரல் மாறியது. 2016-இல் ஊர் மக்கள் சுண்ணக்கட்டியோடு போய், மைதானத்தின் செங்கல் சுவரில் பெயர்கள் எழுதினார்களாம். இந்த வெற்றியைப் பார்க்காமல் செத்துப்போன அப்பன், தாத்தா, அத்தை, அண்ணன் பெயர்கள். சுவர் நிறைந்து, எட்டாத உயரத்துக்கு ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எழுதினார்கள். இவரும் போனார். அப்பா பெயரை எழுதினார். "மழை வந்து அழித்துவிடும் என்று தெரியும்" என்று சொல்லிவிட்டு, பீரைக் குடித்து முடித்தார்.

எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கவில்லை. சாபத்துக்கு முன் கப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1908-இல் என்றால், 1945-க்கு முன்பே முப்பத்தேழு வருடம் அவர்கள் வெல்லவில்லை. அந்த முப்பத்தேழு வருடம் எந்த ஆடு சபித்தது? புரூஃப் பார்க்கிறவனுக்குத் தேதிகளைக் கூட்டிக் கழிக்காமல் தூக்கம் வராது.

இந்த மாதிரிக் கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும். எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒருநாள் நான்கு வரி காலியாக இருந்தது. உதவி ஆசிரியர் ஒருவர், மாலையில் கேலரியின் நிழல் ஆடுகளத்தைத் தொட்டால் இன்ன ஆட்டக்காரர் அவுட் ஆகிவிடுவார் என்று எழுதி நிரப்பினார். எல்லாம் அவர் கற்பனை. மறுநாள் இன்னொரு பத்திரிகையில் "ரசிகர்கள் நம்புகிறார்கள்" என்று வந்தது. அடுத்த வாரம் டீக்கடையில் ஒருவர் என்னிடமே அதைச் சத்தியம் செய்து சொன்னார். அந்த நான்கு வரியும் என் மேசையைத் தாண்டித்தான் போயிற்று. "நிழல்" என்பதில் ஒரு எழுத்து தவறாக இருந்தது. அதைத் திருத்தி அனுப்பினேன். எழுத்தைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம்; பொய்யைத் திருத்த இல்லை.

அதனால்தான், சுவரில் மைக் ராய்கோவின் முகத்தைக் கண்டதும் அங்கிருந்து நகர முடியவில்லை. சிகாகோவில் முப்பது வருடத்துக்கு மேல் பத்தி எழுதியவர், 1972-இல் பத்திரிகைத்துறையின் புலிட்சர் பரிசு வாங்கியவர், இந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர். மேயர்களையும் முதலாளிகளையும் விட்டுவைக்காத வாய். சன்-டைம்ஸை ரூபர்ட் மர்டாக் வாங்கியபோது, மானமுள்ள மீன் எதுவும் மர்டாக் பத்திரிகையில் பொட்டலமாகச் சம்மதிக்காது என்று சொல்லிவிட்டு, எதிரிலிருந்த டிரிப்யூனுக்குப் போய்விட்டார். கப்ஸ் பைத்தியம் வேறு. கடாச் சாபம் ஊர்ச்சொத்தாகப் பரவியதில் இந்தக் கடையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு.

அதே ராய்கோ, 1997 மார்ச் 21 அன்று வெளிவந்த தன் கடைசிப் பத்தியில், கடாவைக் கழற்றி எறிந்துவிட்டார். சாபம் ஆட்டினுடையது அல்ல, ரிக்லியினுடையது என்று எழுதினார். ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் புரூக்ளின் அணிக்கு ஆடி, கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்துவிட்டார். கறுப்பின வீரர்களில் அத்தனை திறமைசாலிகள் அடிமட்ட விலைக்குக் காத்திருந்தார்கள். வேறு சில அணிகள் சேர்த்துக்கொண்டன. கப்ஸ் சேர்க்கவில்லை. முதல் கறுப்பின வீரர் கப்ஸ் சட்டை அணிந்து களமிறங்கியது 1953 செப்டம்பரில், எர்னி பேங்க்ஸ். ஆறு வருடத்துக்கு மேல் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டது கடா அல்ல. இதை எழுதி ஐந்து வாரத்தில் ராய்கோ இறந்துவிட்டார்.

அவர் பெயர் இருக்கும் சுவருக்குக் கீழேதான் கடா படம் போட்ட பனியன்களை விற்கிறார்கள். நான் ஒன்று வாங்கினேன், பேரனுக்கு. கடையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் ராய்கோவையும் மறைக்கவில்லை, கடாவையும் விடவில்லை. எங்கள் ஆசிரியர்கள் தங்களை மறுத்து எழுதியவனின் படத்தை வரவேற்பறையில் மாட்டுவார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

"மாமா, மணி பன்னிரண்டு பத்து" என்றார் மாப்பிள்ளை. பணம் கொடுப்பதில் இருவருக்கும் சிறு இழுபறி. அவர் ஜெயித்தார். வெளியே வந்ததும் இருவரும் ஆளுக்கொரு ஏலக்காய் போட்டுக்கொண்டோம். அவர் பையில் ஏலக்காய் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

கிராண்ட் நிலையத்தில் சிவப்பு வழி ரயிலில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் ஆடிசன். முதலில் பூமிக்கு அடியில் ஓடுகிறது, பிறகு திடீரென்று வெளிச்சத்தில் ஏறி வீடுகளின் பின்கட்டுகளை ஒட்டி ஓடுகிறது. பெட்டிக்குள் நிற்க இடமில்லை, எல்லாம் நீலச் சட்டை. வெள்ளிக்கிழமைப் பகலாட்டம் அந்த ஊர் வழக்கம். 1988 ஆகஸ்ட் வரை மைதானத்தில் விளக்கே கிடையாது, ஆகவே எல்லா ஆட்டமும் பகலில்தான் நடந்தது. வேலைநாள் மதியத்தில் இத்தனை பேருக்கும் எப்படி விடுமுறை கிடைத்தது என்றேன். "எனக்குக் காய்ச்சல் மாமா" என்றார் மாப்பிள்ளை.

ரிக்லி மைதானம் தெருவோடு தெருவாக, வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. 1914-இல் கட்டியது. சேப்பாக்கத்துக்கு வாலாஜா சாலை எப்படியோ, இதற்கு கிளார்க் தெரு அப்படி. கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போகையில், மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு வெண்கல மனிதர் நின்றார். எர்னி பேங்க்ஸ்.

மாப்பிள்ளை படம் எடுக்கக் கூப்பிட்டார். நான் பீடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "லெட்ஸ் ப்ளே டூ" என்று பொறித்திருந்தது. அது பேங்க்ஸ் சொல்லிக்கொண்டே இருந்த வாசகம். வெயில் நன்றாக இருக்கிறது, இன்று இரண்டு ஆட்டம் ஆடலாம் என்பார். பத்தொன்பது பருவம் கப்ஸுக்காகவே ஆடி, 512 ஹோம் ரன் அடித்து, ஒரு உலகத் தொடர் ஆட்டத்தில்கூட ஆட வாய்க்காத மனிதர். 2015 ஜனவரியில் இறந்தார், வெற்றிக்கு இருபத்திரண்டு மாதம் முன்னால்.

சிலையை 2008 மார்ச் கடைசியில் திறந்தபோது அந்த வாசகத்தில் பிழை இருந்தது. முதல் சொல்லில் எழுத்துக்கு மேலே தொங்க வேண்டிய சிறு வால் இல்லை. "வேலை கொடு" என்பதற்கும் "வேலைக் கொடு" என்பதற்கும் நடுவில் ஒற்றை ஒற்று நிற்கிறதே, அந்த அளவு சின்ன விஷயம். ஊரே சிரித்தது. சில நாட்களுக்குள் சிற்பி கருவியோடு வந்து அதைக் குடைந்து சேர்த்துவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். சின்னக் குழி, சுண்டுவிரல் நகம்கூடப் பதியாது. பின்னால் ஒருவர், நான் ஏதோ வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் காத்து நின்றார்.

வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் முறை வந்தது. காவலர் அலுமினியப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, ஓரத்தைப் பிரித்தார். நல்லெண்ணெயும் பெருங்காயமும் புளியும் குப்பென்று எழுந்தன. அவர் மூக்கு சுருங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பனியனில் கடாவைப் பார்த்தார், மறுபடி பொட்டலத்தைப் பார்த்தார்.

"சோறு" என்றேன்.

மூடிக் கையில் கொடுத்து, உள்ளே போகச் சொன்னார்.